கணவர் கண் விழிக்கும் முன்பு கார் ஏறிய பெர்த்தா பென்ஸ்

1888-ம் ஆண்டு, ஆகஸ்டு மாதம். பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. ஜெர்மனி நாட்டில் உள்ள மான்ஹைம் நகரம் தூங்கிக்கொண்டிருந்தது.

பட்டறைக் கதவு ஒன்று ஓசை இல்லாமல் திறந்தது. ஒரு தாயும் இரண்டு மகன்களும் ஒரு வண்டியை மெல்லத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்கள். அந்த வண்டிக்கு மூன்று சக்கரங்கள். முன்னால் குதிரை இல்லை. குதிரையைக் கட்டுவதற்கு இடமும் இல்லை!

வீட்டுக்குள் கணவர் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். அந்த வண்டியைச் செய்தவர் அவர்தான். அவர் விழித்துக்கொண்டால் போக விடமாட்டார். ஆகவே அவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் மூவரும் வண்டியில் ஏறிப் புறப்பட்டார்கள்.

அந்தத் தாயின் பெயர் பெர்த்தா பென்ஸ். அப்போது அவருக்கு வயது 39. மூத்த மகன் ஆய்கனுக்கு 15. இளையவன் ரிச்சர்டுக்கு 13.

அவர்கள் போக நினைத்த ஊர் போர்ட்ஸ்ஹைம். பெர்த்தாவின் தாய்வீடு அங்கே இருந்தது. மான்ஹைமில் இருந்து 100 கிலோ மீட்டருக்கும் அதிகமான தூரம். அதுவரை எந்த மோட்டார் காரும் அவ்வளவு தூரம் ஓடியதே கிடையாது.

தாயைப் பார்க்கப் போக வேண்டும் என்றால் ரெயிலில் போயிருக்கலாமே? எதற்காக இந்தத் துணிச்சல்? அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் பெர்த்தாவின் கதையை முதலில் இருந்து பார்க்க வேண்டும்.

மறுபடியும் பெண்ணா?

பெர்த்தா 1849-ம் ஆண்டு மே மாதம் 3-ந் தேதி போர்ட்ஸ்ஹைமில் பிறந்தார். தந்தை ரிங்கர் வீடு கட்டும் தொழில் செய்து நல்ல செல்வம் சேர்த்தவர். வீட்டில் எந்தக் குறையும் இல்லை.

அந்தக் காலத்தில் ஜெர்மானியக் குடும்பங்களில் குழந்தை பிறந்த தேதியை வீட்டு வேதப் புத்தகத்தில் எழுதிவைப்பது வழக்கம். பெர்த்தாவுக்குச் சுமார் 10 வயது இருக்கும்போது அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். தன் பெயர் எழுதிய இடத்தில் தந்தை ஒரு வரி சேர்த்திருப்பது கண்ணில் பட்டது. இதுவும் பெண்ணாகப் போய்விட்டதே என்று தந்தை அதில் வருத்தப்பட்டிருந்தாராம்.

சிறுமியின் மனம் புண்பட்டுப் போயிற்று. பெண் என்றால் அவ்வளவு மட்டமா என்ற கேள்வி அவள் நெஞ்சில் ஆழமாகப் பதிந்துவிட்டது. அதற்கு அவள் பதில் சொல்ல 30 ஆண்டுகள் ஆயின.

உல்லாசப் பயணத்தில் சந்திப்பு

1869-ம் ஆண்டு ஜூன் மாதம். போர்ட்ஸ்ஹைமில் இருந்த ஒரு சங்கத்தார் மவுல்பிரான் என்ற இடத்துக்கு உல்லாசப் பயணம் ஏற்பாடு செய்தார்கள். அங்கே பழமையான மடாலயம் ஒன்று இருக்கிறது. பெர்த்தாவும் தன் தாயுடன் குதிரை வண்டியில் ஏறிக்கொண்டார். அதே வண்டியில் ஓர் இளைஞரும் வந்து உட்கார்ந்தார். அவர் பெயர் கார்ல் பென்ஸ். இயந்திரத் தொழில் படித்தவர். வயது 24.

கார்ல் ஏழை வீட்டுப் பிள்ளை. தந்தை ரெயில் எஞ்சின் டிரைவர். மகனுக்கு 2 வயது ஆகும்போதே அவர் இறந்துவிட்டார். தாய் பாடுபட்டு மகனைப் படிக்க வைத்தாள்.

அந்த இளைஞருக்கு ஒரே கனவு. குதிரை இல்லாமல் தானே ஓடும் வண்டி ஒன்றைச் செய்ய வேண்டும் என்பதுதான் அது. வேறு பெண்ணாக இருந்தால் சிரித்திருப்பாள். பெர்த்தா சிரிக்கவில்லை. கவனமாகக் கேட்டார். அவர் பேச்சில் இருந்த உறுதி பெர்த்தாவுக்குப் பிடித்துவிட்டது. இருவரும் மணம் செய்துகொள்வதென்று முடிவாயிற்று.

கல்யாணத்துக்கு முன்பே சீதனம்

1871-ம் ஆண்டு மான்ஹைம் நகரத்தில் கார்ல் ஒரு பட்டறை தொடங்கினார். கூட்டாளி ஒருவரும் இருந்தார். ஆனால் கூட்டாளி சரிப்பட்டு வரவில்லை. அவரை விலக்க வேண்டும் என்றால் அவர் பங்குப் பணத்தைக் கொடுக்க வேண்டும். கார்லிடம் பணம் ஏது?

பெர்த்தா தன் தந்தையிடம் போனார். தனக்குத் தரவேண்டிய சீதனத்தைக் கல்யாணத்துக்கு முன்பே கொடுத்துவிடும்படி கேட்டார். பணம் கிடைத்தது. கூட்டாளியின் கணக்கு தீர்ந்தது. பட்டறை கார்லின் கைக்கு வந்தது.

1872-ம் ஆண்டு ஜூலை மாதம் 20-ந் தேதி திருமணம் நடந்தது. மணப்பெண்ணின் சீதனம் அதற்கு முன்பே இரும்பாகவும் சுத்தியலாகவும் மாறியிருந்தது!

கஷ்ட காலம்

திருமணத்துக்குப் பின் சுகமாக வாழ்ந்தார்களா? இல்லை. அடுத்தடுத்துக் குழந்தைகள் பிறந்தன. தொழிலில் நஷ்டத்துக்கு மேல் நஷ்டம். 1877-ம் ஆண்டில் கடன் கழுத்தை நெரித்தது. பட்டறைச் சாமான்கள் ஜப்தியாகும் நிலைக்கு வந்துவிட்டது.

தாய்வீட்டில் செல்லமாக வளர்ந்த பெர்த்தா சிக்கனமாகக் குடும்பம் நடத்தக் கற்றுக்கொண்டார். வேறு வேலைக்குப் போய்விடுங்கள் என்று கணவரிடம் ஒருநாளும் சொல்லவில்லை.

கார்ல் இரவு பகலாக ஒரு எஞ்சினைச் செய்துகொண்டிருந்தார். அது ஓடினால் பிழைப்பு உண்டு. ஓடாவிட்டால் குடும்பம் தெருவுக்கு வரவேண்டியதுதான். பலமுறை முயன்றும் அது ஓடவில்லை.

1879-ம் ஆண்டின் கடைசி இரவு. ஊரெல்லாம் புத்தாண்டை வரவேற்கத் தயாராக இருந்தது. பென்ஸ் வீட்டில் கொண்டாட்டம் இல்லை. இரவு உணவு முடிந்ததும் பெர்த்தா கணவரை மறுபடியும் பட்டறைக்கு அழைத்தார். இன்னும் ஒரு முறை முயன்று பார்ப்போம் என்பது அவர் எண்ணம்.

விளக்கு வெளிச்சத்தில் இருவரும் எஞ்சின் முன் நின்றார்கள். கார்ல் அதைச் சுழற்றினார். என்ன ஆச்சரியம்! எஞ்சின் ஓடியது. நிற்காமல் ஓடியது. கணவனும் மனைவியும் அசையாமல் நின்று அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதற்குள் மாதா கோவில் மணிகள் முழங்கின. புது ஆண்டு பிறந்துவிட்டது.

குதிரை இல்லா வண்டி

அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நல்ல காலம் வந்தது. 1883-ம் ஆண்டில் புதிய கூட்டாளிகள் இருவருடன் சேர்ந்து கார்ல் ஒரு கம்பெனி தொடங்கினார். ஒரே இடத்தில் நின்று ஓடும் எஞ்சின்கள் நன்றாக விற்பனை ஆயின. கையில் காசு சேர்ந்ததும் கார்லின் பழைய கனவு மீண்டும் தலைதூக்கியது.

குதிரை இல்லாத வண்டி தயார் ஆயிற்று. 1886-ம் ஆண்டு ஜனவரி 29-ந் தேதி அதற்குக் காப்புரிமை கேட்டு மனு கொடுத்தார். அந்த உரிமையின் எண் 37435. மோட்டார் காரின் பிறப்புச் சீட்டு என்று இன்று உலகம் அதைக் கொண்டாடுகிறது.

அந்த வண்டியின் சக்தி எவ்வளவு தெரியுமா? ஒரு குதிரை சக்திக்கும் குறைவு! மணிக்கு சுமார் 16 கிலோ மீட்டர் ஓடும். ஸ்டீயரிங் சக்கரம் கிடையாது. படகின் சுக்கான் போன்ற ஒரு பிடியைத் திருப்பித்தான் வண்டியைத் திருப்ப வேண்டும்.

1886-ம் ஆண்டு ஜூலை மாதம் மான்ஹைம் வீதியில் அந்த வண்டி ஜனங்கள் முன் ஓடியது. பார்த்தவர்கள் வியந்தார்கள். ஆனால் வாங்க முன்வருவோர்தான் அரிதாக இருந்தார்கள். வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம். கூட்டாளிகளுக்கும் இந்த வண்டியில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

கார்ல் கூச்ச சுபாவம் உள்ளவர். வண்டியைப் பற்றி ஊர் ஊராகச் சென்று பேசத் தெரியாது. இன்னும் திருத்த வேண்டும், இன்னும் திருத்த வேண்டும் என்று பட்டறைக்குள்ளேயே கிடந்தார். இப்படியே ஆண்டுகள் ஓடின.

பெர்த்தா யோசித்தார். தன் சீதனம், தன் இளமை, குடும்பத்தின் எதிர்காலம் எல்லாம் அந்த வண்டியில் அடங்கி இருந்தன. அது பட்டறைக்குள் நின்றால் யாருக்கு லாபம்? நல்ல வண்டி என்று சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஓட்டிக் காட்டிவிடுவது மேல் அல்லவா?

பள்ளிக்கூட விடுமுறை வந்தது. பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். அந்த விடியற்காலையில் அவர் முடிவு செய்தபடியே புறப்பட்டுவிட்டார்.

மருந்துக் கடையில் எண்ணெய்

மான்ஹைமை விட்டு வெளியே வந்ததும் வழி சமதரையாக இருந்தது. வண்டி சுலபமாக ஓடியது. ஹைடல்பர்க் நகரத்தையும் கடந்தார்கள்.

அந்தக் காலத்துச் சாலை எப்படி இருந்தது? தார் கிடையாது. குதிரை வண்டிகள் போய்ப் போய்க் குழி விழுந்த மண் சாலைதான். குதிரை இல்லாமல் படபடவென்று ஓசையிட்டுக்கொண்டு வந்த வண்டியைக் கண்டு வழியில் இருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். அதை ஒரு பெண்ணும் இரண்டு சிறுவர்களும் ஓட்டி வந்தது இன்னும் பெரிய அதிசயமாக இருந்தது.

முதல் தொல்லை தண்ணீரால் வந்தது. எஞ்சினின் சூட்டைத் தணிக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகிக்கொண்டே இருக்கும். அடிக்கடி ஊற்ற வேண்டும். சத்திரம் கண்ட இடம், ஓடை கண்ட இடம் எல்லாம் வண்டியை நிறுத்தித் தண்ணீர் பிடித்தார்கள்.

அடுத்து எண்ணெய் தீரும் நிலைக்கு வந்தது. இன்று மூலைக்கு மூலை பெட்ரோல் பங்கு இருக்கிறது. அன்று உலகத்தில் ஒரு பெட்ரோல் பங்குகூடக் கிடையாது! அந்த வண்டி ஓடியது லிக்ராயின் என்ற ஒருவகை மண்ணெண்ணெய் இனத்துத் திரவத்தில். துணியில் பட்ட கறையைப் போக்குவதற்காக அதை மருந்துக் கடைகளில் சிறு சிறு புட்டிகளில் விற்பார்கள்.

ஹைடல்பர்க்குக்குத் தெற்கே வீஸ்லொக் என்று ஒரு சிறிய ஊர். அங்கே இருந்த மருந்துக் கடைமுன் பெர்த்தா வண்டியை நிறுத்தினார். லிக்ராயின் வேண்டும் என்று கேட்டார். ஒரு புட்டி போதாது. லிட்டர் கணக்கில் வேண்டும். கறை போக்க இவ்வளவா என்று கடைக்காரர் திகைத்திருப்பார். வண்டிக்கு ஊற்றத்தான் என்று தெரிந்தபோது இன்னும் திகைத்திருப்பார். உலகத்தின் முதல் பெட்ரோல் பங்கு என்ற பெயர் அந்த மருந்துக் கடைக்குக் கிடைத்துவிட்டது.

தொப்பி ஊசியே கருவி

வண்டி மறுபடியும் ஓடியது. திடீரென்று எஞ்சின் திணறி நின்றுவிட்டது. பெர்த்தா இறங்கிப் பார்த்தார். எண்ணெய் வரும் குழாயில் அழுக்கு அடைத்துக்கொண்டிருந்தது.

என்ன செய்வது? கூப்பிட்டால் வர ஒரு மெக்கானிக்கும் இல்லை. அந்தக் காலத்து ஜெர்மானியப் பெண்கள் தலையில் பெரிய தொப்பி அணிவார்கள். அது காற்றில் பறக்காமல் இருக்க நீண்ட ஊசி ஒன்றைக் கூந்தலோடு சேர்த்துச் செருகிக்கொள்வார்கள். பெர்த்தா அந்த ஊசியைப் பிடுங்கினார். குழாய்க்குள் விட்டுக் குத்தினார். அடைப்பு நீங்கியது.

இன்னொரு முறை மின்சாரக் கம்பி தேய்ந்துவிட்டது. அதனால் எஞ்சினுக்குள் தீப்பொறி உண்டாகவில்லை. கம்பிமேல் சுற்றுவதற்கு ஏதாவது வேண்டும். காலுறை நழுவாமல் இருப்பதற்காகக் கட்டும் ரப்பர் பட்டை அவரிடம் இருந்தது. அதைக் கழற்றிக் கம்பியில் சுற்றினார். தீப்பொறி வந்தது. வண்டி கிளம்பியது.

சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலி தொய்ந்துபோனபோது வழியில் ஒரு கொல்லர் உதவினார். புருக்ஸால் என்ற ஊரில் அவருடைய உலைக்களம் இருந்தது.

மலைப்பாங்கான இடம் வந்ததும் வண்டி மூச்சு வாங்கியது. மேடு ஏறும் சக்தி அதற்கு இல்லை. இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. வெயிலில் வியர்க்க விறுவிறுக்கத் தள்ளினார்கள்.

மேடு ஏறியது பெரிதல்ல. இறக்கம்தான் பெரிய ஆபத்து. சக்கரத்தை அழுத்தி நிறுத்தும் பிரேக் கட்டை மரத்தால் ஆனது. இறங்க இறங்க அது தேய்ந்துகொண்டே வந்தது. பிரேக் பிடிக்காமல் போனால் மூவரும் தலைகுப்புற விழ வேண்டியதுதான். பெர்த்தா ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளியைத் தேடிப் பிடித்தார். பிரேக் கட்டையின்மேல் தோலை வைத்து ஆணி அடிக்கச் சொன்னார். பிரேக் நன்றாகப் பிடித்தது.

இன்று கார்களின் பிரேக்கில் தேய்ந்தால் மாற்றுவதற்கு ஒரு பட்டை வைத்திருக்கிறார்கள் அல்லவா? அந்த யோசனைக்கு வழிகாட்டியது பெர்த்தா அடிக்கச்சொன்ன தோல்தான்.

தந்தி பறந்தது

இருட்டுகிற நேரம். உடம்பெல்லாம் புழுதி, கையெல்லாம் எண்ணெய்க் கறை. அந்தக் கோலத்தில் மூவரும் போர்ட்ஸ்ஹைம் போய்ச் சேர்ந்தார்கள்.

பெர்த்தா முதல் காரியமாகக் கணவருக்குத் தந்தி கொடுத்தார். பத்திரமாக வந்து சேர்ந்தோம் என்ற செய்தி மான்ஹைமுக்குப் பறந்தது. மனைவி மக்களையும் காணோம், வண்டியையும் காணோம் என்று தவித்துக்கொண்டிருந்த கார்லுக்கு அப்போதுதான் மூச்சு வந்திருக்கும்! அவருக்குக் கவலையும் பெருமையும் ஒன்றாக உண்டாயின.

சில நாட்கள் தாய்வீட்டில் தங்கிவிட்டுப் பெர்த்தா வேறு வழியாக மான்ஹைம் திரும்பினார். அதுவும் அதே வண்டியில்தான்! போக வர மொத்தம் சுமார் 190 கிலோ மீட்டர்.

வீடு திரும்பியதும் கணவரிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். மேடு ஏற முடியவில்லை. அதற்குத் தனியாக ஒரு கியர் வேண்டும். பிரேக்கை மாற்றி அமைக்க வேண்டும். பட்டறைக்குள் இருந்து பார்த்தால் இந்தக் குறைகள் தெரியுமா? சாலைதான் அவற்றைக் காட்டிக்கொடுத்தது. கார்ல் மேடு ஏறுவதற்கென்று கியர் ஒன்றைச் சேர்த்தார்.

அடுத்த மாதமே மூனிக் நகரத்தில் நடந்த இயந்திரக் கண்காட்சியில் அவருடைய காருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. ஊர் பெயர் தெரியாத வண்டி நாடெங்கும் பேசப்பட்டது. நாளடைவில் விற்பனை பெருகியது. 1899-ம் ஆண்டில் மட்டும் 572 கார்களைச் செய்து, உலகத்திலேயே பெரிய கார்த் தொழிற்சாலை என்ற பெயரை அந்தக் கம்பெனி பெற்றது.

தாமதமாக வந்த மரியாதை

பின்னாளில் பென்ஸ் குடும்பம் மான்ஹைமை அடுத்த லாடன்பர்க் என்ற ஊருக்குக் குடிபோயிற்று. 1906-ம் ஆண்டில் மகன்களுக்காக அங்கே ஒரு தொழிற்சாலையும் ஏற்பட்டது. 1926-ம் ஆண்டில் பழைய பென்ஸ் கம்பெனியும் டைம்லர் கம்பெனியும் ஒன்றாக இணைந்தன. மெர்சிடஸ்-பென்ஸ் என்ற பெயர் அப்போதுதான் பிறந்தது.

கார்லுக்கு மரியாதைகள் தேடிவந்தன. 1914-ம் ஆண்டில் கார்ல்ஸ்ரூ தொழிற் கல்லூரி அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. வயதான காலத்தில் அவர் தன் வரலாற்றை எழுதினார். 1925-ம் ஆண்டில் அது வெளிவந்தது. வாழ்க்கைப் படகு மூழ்கப்போன நாட்களில் கைவிடாமல் கூட நின்றவர் தன் மனைவி ஒருவர்தான் என்பதை அதில் அவர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். 1929-ம் ஆண்டு ஏப்ரல் 4-ந் தேதி கார்ல் காலமானார்.

பெர்த்தா அதன் பிறகும் 15 ஆண்டுகள் வாழ்ந்தார். காப்புரிமைச் சீட்டில் அவர் பெயர் இல்லை. கம்பெனியின் பெயரிலும் அவர் தனியாக இல்லை. இதைப் பற்றி அவர் சண்டை போடவும் இல்லை.

1944-ம் ஆண்டு மே 3-ந் தேதி பெர்த்தாவுக்கு 95 வயது நிறைந்தது. அன்று, கணவர் படித்த அதே கார்ல்ஸ்ரூ கல்லூரி பெர்த்தாவுக்கும் கவுரவப் பதவி அளித்தது. கணவருக்குக் கிடைத்து 30 ஆண்டுகளுக்குப் பிறகு மனைவிக்குக் கிடைத்த மரியாதை! இரண்டு நாள் சென்று, மே 5-ந் தேதி அவர் கண்ணை மூடினார்.

இன்றும் இருக்கும் வழி

2008-ம் ஆண்டில் ஜெர்மனியில் ஒரு நல்ல காரியம் நடந்தது. மான்ஹைமில் இருந்து போர்ட்ஸ்ஹைம் வரை பெர்த்தா போன வழிக்கும் திரும்பி வந்த வழிக்கும் அவர் பெயரையே வைத்தார்கள். சாலை ஓரங்களில் பெயர்ப் பலகைகள் நட்டிருக்கிறார்கள்.

மான்ஹைமில் காலையில் காரில் கிளம்புகிறவர்கள் அந்த வழி முழுவதையும் சுற்றிவிட்டு இரவுக்குள் வீடு வந்து சேர்ந்துவிடலாம். வீஸ்லொக் மருந்துக் கடை முன்பு இருக்கும் நினைவுச் சின்னத்தைப் பார்க்கலாம். லாடன்பர்க்கில் பென்ஸ் குடும்பத்தின் பழைய தொழிற்சாலையில் அமைத்திருக்கும் கார்க் கண்காட்சியையும் பார்க்கலாம். குழந்தைகளுடன் சென்று வருவதற்கு ஏற்ற பயணம்.

இப்போது அந்த வழியில் தண்ணீருக்காக ஓடையைத் தேட வேண்டாம். தொப்பி ஊசி வேண்டாம். மேட்டில் இறங்கித் தள்ளவும் வேண்டாம். ஏன் என்றால், அந்தக் கஷ்டத்தை எல்லாம் ஒரு தாய் முன்பே பட்டுவிட்டாள்.

இதுவும் பெண்தானா என்று போர்ட்ஸ்ஹைமில் ஒரு தந்தை மனம் வருந்தி எழுதினார். அதே ஊருக்கு அந்தப் பெண் தன் சீதனத்தால் உருவான வண்டியில், தன் இரு மகன்களையும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். உலகத்தில் அதுவரை எந்த ஆண்பிள்ளையும் செய்யாத பயணம் அது.

வேதப் புத்தகத்தில் தந்தை எழுதிய வரிக்கு மகள் சொன்ன பதில் அதுதான்.